களவுபோன ‘வாணம்’

ஆகஸ்ட் 4, திங்கள்
காலையிலேயே வெயில். மாடி அறையில் ஃபேன் சுற்றுவது பெயருக்குத்தான். செய்ய வேண்டியவை: எங்கள் கேமின் ஏழாம் கட்டத்துக்கு வெடிச்சத்தம், பால் பாக்கெட், அம்மாவின் நர்ஸ் யூனிஃபார்ம் அயர்னுக்கு.
ஒன்றும் நடக்கவில்லை. கல்லூரித் தோழி ஒரு லிங்க் அனுப்பினாள். “ஸ்டெல்லா, இது உங்க கேம்தானடி?”
டெலிகிராம் குழு ஒன்றில் எங்கள் பட்டாசு கேம் ‘வாணம்’ விற்பனைக்கு. மூல நிரல், சோர்ஸ் கோட், முழுவதும். நானும் முத்துராஜும் மூன்று வருடமாக எழுதுவது, இன்னும் வெளியிடாதது. கேட்கிற விலைக்கு ஒரு நல்ல செருப்பு வாங்கலாம்.
போனைக் கட்டிலில் எறிந்தேன். திருடியதற்கா, அந்த விலைக்கா, தெரியவில்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
முத்து வந்ததும் காட்டினேன். லிங்கைத் திறந்து கடைசிவரை படித்தான். பிறகு மெதுவாக:
“போன மாசம் லேப்டாப்ப டிஸ்ப்ளே மாத்தக் குடுத்தேன்ல. கடையில பாஸ்வேர்டு கேட்டாங்க.”
“குடுத்தியா?”
“குடுத்தேன்.”
“நீ பாதி வித்துட்ட, மிச்சத்த அவன் வித்துட்டான்” என்றேன். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டான். சொல்லியிருக்கக் கூடாது.

ஆகஸ்ட் 6, புதன்
போலீஸ் ஸ்டேஷன். எழுதிக்கொண்டவர் பொறுமையானவர்.
“என்னம்மா காணாமப் போச்சு?”
“கேமோட நிரல் சார்.”
“இப்ப அது எங்கன இருக்கு?”
“என் லேப்டாப்ல.”
“அப்ப காணாமப் போகலையேம்மா!”
விளக்கினேன். பாதி புரிந்தது அவருக்கு. விருதுநகரில் சைபர் கிரைமில் கொடுக்கச் சொன்னார். “மதிப்பு எம்புட்டுன்னு கேப்பாக. யோசிச்சு வச்சுக்கோங்க.”
விருதுநகர் பஸ்ஸில் யோசித்தபடி. ஜன்னலோரம் ஒரு பட்டாசு முதலாளி போனில்: “சீசன் ஆர்டர் அம்புட்டும் வந்துருச்சு, ஆளுதான் இல்ல.” ஒரு லோடு பட்டாசு போனால் அவர் உடனே விலை சொல்வார். நான்? விட்ட வேலை, தள்ளிப்போட்ட கல்யாணம், ஏறிப்போன கண்ணாடி பவர், இவற்றுக்கு என்ன விலை? கடைசியில் சைபர் கிரைமில் ‘தெரியவில்லை’ என்றே சொன்னேன். புகார் வாங்கிக்கொண்டார்கள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி
ஆப் ஸ்டோரில் எங்கள் கேமின் காப்பி வந்துவிட்டது, வேறு பெயரில். நிமிடத்துக்கு ஒரு விளம்பரம். நான் வரைந்த வானம், என் பச்சை, ராக்கெட் ஏறும்போது முத்து வைத்த அந்தச் சின்ன வளைவு. எல்லாம் அப்படியே. குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.
எங்கள் கேமை வெளியிடவிருந்த பெங்களூர் கம்பெனியிலிருந்து மீரா மேடத்தின் மெயில்: “திங்கட்கிழமை பேசலாம்.” ஒரே வரி. முத்துவின் போன் ஸ்விட்ச் ஆஃப்.

ஆகஸ்ட் 9, சனி
முத்துவின் ஊரான ஏழாயிரம்பண்ணைக்கு பஸ். முத்துவின் அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். இன்று பட்டாசு ஆபீசுக்கு, ஃபேக்டரி வேலைக்கு, போகவில்லையாம்.
“வா தாயி. இந்தப் பய ஒழுங்கா சோறே திங்கல. என்னன்னு கேட்டா எரிஞ்சு விழுதான். நீயாவது கேளு.”
கொல்லையில் உட்கார்ந்திருந்தான்.
“அன்னைக்கு நான் பேசுனது தப்பு முத்து.”
“நான் குடுத்ததும் தப்புதான.”
அதோடு முடிந்தது. காப்பியைக் காட்டினேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே ஆடினான். நாலாம் கட்டத்தில் ராக்கெட் பாதி வானத்தில் அப்படியே நின்றுவிட்டது. மறுபடி ஆடினான். மறுபடி நின்றது. திடீரென்று சிரிப்பு.
“ஸ்டெல்லா, இது லேப்டாப் குடுத்தப்புறம் நாம சரி பண்ண பிழைல்ல! இவன் கையில எல்லாம் இருக்கு, இதச் சரி பண்ணத் தெரியல பாரு!”
எனக்கும் அடக்க முடியவில்லை. அவன் அம்மா எட்டிப் பார்த்து, “கிறுக்குப் புடிச்சிருச்சா ரெண்டுக்கும்? சாப்பிட வாங்க.” சின்ன வெங்காயக் குழம்பு. முத்து மூன்று தடவை சோறு வாங்கினான்.

ஆகஸ்ட் 11, திங்கள்
லேசான மேகம். காலையில் ஆப் ஸ்டோருக்குப் புகார். ஆதாரமாக நாங்கள் செய்த திருத்தங்களின் வரலாறு, முதல் நாளிலிருந்து. அனுப்புமுன் புரட்டிப் பார்த்தோம். முத்துவின் பழைய குறிப்பு ஒன்று: ‘அம்மாவுக்குக் காய்ச்சல். சிவப்பு ராக்கெட் மட்டும் முடிந்தது.’
மதியம் மீரா மேடம். ஸ்பீக்கரில் போட்டோம்.
“காப்பியைப் பார்த்தேன். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நீங்க சொன்ன அந்த மழைக் கட்டம், மழைக்குள்ள ராக்கெட் விடுறது, அது அவங்ககிட்ட இருக்கா?”
“இல்ல மேடம்” என்றேன்.
முத்து சும்மா இருந்திருக்கலாம். “எங்ககிட்டயும் இன்னும் இல்ல மேடம்.”
அவன் காலை மிதித்தேன். போச்சு என்று நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார்.
“நான் காசு குடுக்கப்போறது அதுக்குத்தான். தீபாவளிக்குள்ள முடியுமா?”
இரண்டு பேரும் ஒரே குரலில் “முடியும்.” முடியுமா, கர்த்தருக்கே வெளிச்சம்.

ஆகஸ்ட் 14, வியாழன்
காப்பியை நீக்கிவிட்டார்கள். தேடிப் பார்த்தேன், இல்லை. மறுபடி தேடினேன். இல்லை!!
விருதுநகரிலிருந்து போன். சர்வீஸ் கடையில் விசாரணையாம். நடக்கட்டும்.
டெலிகிராமில் நிரல் இன்னும் கிடக்கிறது. கிடக்கட்டும். பால் வாங்க மறந்தேன்.

ஆகஸ்ட் 16, சனி
கரண்ட் கட். லேப்டாப் சார்ஜ் தீர்வதற்குள் மழைக் கட்டம், முதல் சோதனை. முத்து ராக்கெட்டை ஏற்றினான். நான் மழையை விட்டேன். பாதியில் நனைந்து அணைந்து, புகையோடு கீழே விழுந்தது.
“ஏ, தப்பாயிருச்சு. மழைய நிறுத்து.”
“இருக்கட்டும்ல. ஆடுறவங்க மறுபடி பத்த வைக்கட்டும்.”
விழுந்த ராக்கெட்டை மறுபடி ஓட்டிப் பார்த்தான். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, “தள்ளு. பத்த வைக்கிறத நான் எழுதுறேன்.”