நம்ம ஆலை, நம்ம காத்து

மார்ச் 4, செவ்வாய்

காலடிப்பேட்டைச் சுவரெல்லாம் என் வீட்டுக்காரர் ஜெயவேலின் கையெழுத்து. சுவரெழுத்துதான் அவர் தொழில். இந்தத் தடவை எழுதச் சொன்னது ரசாயன ஆலைக்காரன். "நம்ம ஆலை! நம்ம காத்து! நம்ம எதிர்காலம்!"

இன்னாய்யா நம்ம? இருக்கிற புகைபோக்கி பத்தாதுன்னு ரெண்டாவது கட்டப் போறானாம், அதுக்கு ஊர்ச் சம்மதம் வேணுமாம். பாப்பா செங்கொடிக்கு நேத்தும் வீசிங். ஆஸ்பத்திரியில மிஷின் வெச்சுதான் மூச்சு வந்தது.

"சோறு போடுற எழுத்து, அரசி. கம்முனு இரு" என்கிறார்.

மார்ச் 7, வெள்ளி

ஆலையின் மக்கள் தொடர்பு அதிகாரி தெருவுக்கு வந்தான். சட்டைக் கையை மடிச்சு விட்டிருந்தான், நம்ம ஆளாம்! சினிமா பாத்துக் கத்துகினு வந்த பாஷை வேற. மீன்கார குணசுந்தரி அக்காவைப் பாத்து, "இன்னா நைனா, ஷோக்கா கீறியா?" பொம்பளையப் போய் நைனான்றான். அதுக்கும் கைதட்டு!

கேள்வியும் அவனே, பதிலும் அவன் வெச்சதே. "நம்ம புள்ளைங்களுக்கு வேலை வேணுமா, வேணாமா?" "வேணும்!" புகை வேணுமான்னு கேக்கவே இல்லையே, கவனிச்சீங்களாய்யா? என் புருஷனும் சேர்ந்து கத்துனார். தூ!

மார்ச் 8

அவருக்குச் சோறு வெச்சேன், அவ்ளோதான்.

மார்ச் 12, புதன்

கருத்துக்கேட்புக் கூட்டம். மைக்கை நான் வாங்கினேன். வயித்தெரிச்சல்தான் பேச வெச்சது.

"நம்ம காத்து நம்ம காத்துன்றீங்களே, உங்க வூடு எங்க சார்?"

அந்த அதிகாரி அவசரத்துல உளறிட்டான். "நாங்க அண்ணா நகர்ல இருக்கோம் மேடம்."

நாங்க! நைனாவும் போச்சு, நம்மவும் போச்சு. அப்புறம் பின்னாடியிருந்து குணசுந்தரி அக்கா குரல்: "அப்போ புகைபோக்கியயும் அங்கயே கட்டிக்கோ நைனா!"

ஒரே கூச்சல். சம்மதம்னு ஒருத்தரும் சொல்லலை, கூட்டத்தைத் தள்ளி வெச்சுட்டாங்க. ஜெயவேல் கடைசி வரிசையில் தலை குனிஞ்சு உக்காந்திருந்தார்.

மார்ச் 14, வெள்ளி

பால் வாங்கப் போனப்ப சுவரைப் பார்த்தேன். "உங்க ஆலை! நம்ம காத்து!" மூணாவது வரி மேல வெள்ளை.

பாப்பாவுக்கு வாடை ஆகாதுன்னு ஜெயவேல் தெருவிலேயே உக்காந்து, பெயிண்ட் போக தின்னர்ல விரலைத் தேச்சுகினு இருந்தார்.

"இன்னாய்யா இது?"

"எழுத்துப் பிழைமே. திருத்துனேன்."