என் பெயரில் ஓடும் பச்சை லொறி

அக்கராயன், 1979

பெப்ரவரி 12, திங்கள்

காலையில் நல்ல பனி. முதலாளியின் களத்தில் நெல் சூடடிப்பு இன்னும் முடியவில்லை. மூட்டை ஏற்றி ஏற்றித் தோள் எரிகிறது.

மத்தியானம் தபால்காரர் சைக்கிளை நம் வாசலில் நிறுத்தினார். நம் வாசலில்! பழுப்பு உறை, மேலே அரசாங்க முத்திரை, இங்கிலீசில் என் பெயர். உள்ளே முழுக்கச் சிங்கள எழுத்து. பேசினால் விளங்கும், தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது கேட்டுப் பழகியது. வாசிக்கத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? காணியைத் தவிர அரசாங்கத்துக்கு என்னோடு வேறு என்ன பேச்சு? அடுத்த செவ்வாய் காணிக் கச்சேரி, அதிகாரி வந்து விசாரித்துக் காணி கொடுப்பார். காணி இல்லாதவர்களுக்கு இரண்டு ஏக்கர்.

லெட்சுமி கடிதத்தைச் சாமிப்படத்துக்குக் கீழே வைத்துச் சூடம் கொளுத்தினாள். சர்க்கரைப் பொங்கல். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம். ஊர் நிர்வாகம் பார்க்கும் விதானையாருக்கும் ஒரு கிண்ணம், கூடவே கடிதம். அவருக்கும் சிங்களம் வாசிக்க வராது. முத்திரையைத் தடவிப் பார்த்து, "ஓம் கருப்பையா, இது பெரிய இடத்துக் கடிதம்தான்" என்றார்.

எழுபத்தேழுக் கலவரத்தில் தோட்டத்து லயன் வீடு எரிந்து, ஒற்றைத் தகரப்பெட்டியோடு இங்கே வந்து இறங்கியவர்கள் நாங்கள். இனி எங்களுக்கும் நிலம்.

13, செவ்வாய்

கிளிநொச்சி மில்லில் நெல் இறக்கினேன். கடிதம் சட்டைக்குள். வேலை முடிந்ததும் பேக்கரிக்குப் போய், போறணை அடுப்பில் நிற்கும் சிங்களவரிடம் கொடுத்தேன். மாவுக் கையைத் துடைத்துவிட்டுச் சத்தமாக வாசித்தார்.

காணி இல்லை. லொறி.

மதவாச்சிப் பக்கம் பின்விளக்கு இல்லாமல், அளவுக்கு மிஞ்சி நெல் ஏற்றிப் போன லொறி. பொலிஸ் வழக்கு. சொந்தக்காரர் மாத முடிவுக்குள் கோட்டுக்கு வரவேண்டும். சொந்தக்காரர் பெயர்? என் பெயர்.

"லொறிக்காரர் ஏன் நடந்து வந்தது?" என்று அவர் சிரித்தார். சைக்கிள்கூட இல்லாதவன் நான். இலக்கத்தை மறுபடி வாசிக்கச் சொன்னேன். மறுபடியும். முதலாளியின் பச்சை லொறி. இன்று காலை நான் மூட்டை ஏற்றியது. வெள்ளிக்கிழமை குளத்தில் இறக்கி நான் கழுவியது.

ஒரு பணிஸ் கொடுத்தார். தின்றேனா, எங்கேயாவது வைத்துவிட்டேனா, நினைவில்லை.

14, புதன்

லெ.யிடம் சொன்னேன். "என்னங்க சொல்றீங்க, என்னங்க சொல்றீங்க." இதே பேச்சு. கொஞ்சம் பொறுத்து: "அப்ப நாம வச்ச பொங்கலு?"

மாலை முதலாளி வீடு. கதிரையில் இருக்கச் சொன்னார். முதல் தடவை. வழக்கமாக 'நீ', இன்று 'நீர்'.

"வரிக்காரற்றை கரைச்சல் கருப்பையா. என்ரை பேரிலை ஏற்கெனவே ரண்டு லொறி நிக்குது. இதுக்கு ஒரு நம்பிக்கையான ஆள் வேணும். நீர்தானே என்ரை ஆள்."

"நான் எப்ப முதலாளி கையெழுத்துப் போட்டேன்?"

"போன வருசம். காணிக்கு எண்டு போட்டனீர்தானே, அதோடை."

காணி விண்ணப்பம். அவர்தான் இங்கிலீசில் நிரப்பித் தந்தார். போடச் சொன்ன இடத்திலெல்லாம் போட்டேன். கேட்காமலேயே உதவுகிற மனிதர் என்று லெ.யிடம் புகழ்ந்து தள்ளினேனே!

"கோட்டிலை போய் ஓம் எண்டு சொல்லும். குற்றக்காசு நான் தாறன். பேருக்குத்தானே."

சின்னவளுக்குக் காய்ச்சல் வந்தபோது தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர். நாங்கள் இருக்கும் குடிசையும் அவர் வீட்டு வளவில்தான். அதனால்தான் இந்த வலி.

17, சனி

ஊருக்கே தெரிந்துவிட்டது. பொங்கல் தின்றவர்கள் காணி என்னவானது என்று கேட்காமல் இருப்பார்களா? லெ. பொய் சொல்லத் தெரியாதவள். தேநீர்க் கடையில், "வாங்கோ, லொறி முதலாளி!"

பின்னேரம் விதானையார் வந்தார். அவர் சிரிக்கவில்லை. "லொறி வைச்சிருக்கிற ஆளுக்குக் காணி குடுக்க மாட்டினம். கடிதத்தை நீர்தானே கொண்டுவந்து காட்டினனீர். இனி நான் தெரியாது எண்டு இருக்கேலாது."

நானேதான் காட்டினேன். பொங்கலும் வைத்துக் காட்டினேன். மடையன்.

செய்ய வேண்டியவை:
மண்ணெண்ணெய்.
வெள்ளைச் சட்டை துவைக்க.
கச்சேரியில் உண்மையைச் சொல்லும்படி மு.விடம் கேட்க.

18, ஞாயிறு

கேட்டேன்.

"நானே போய் என்னைக் கள்ளன் எண்டு சொல்லவோ? காணி அடுத்த வருசமும் குடுப்பாங்கள். அங்கை வாயைத் திறந்தாய் எண்டால் வளவை விட்டு வெளிக்கிடு."

'நீர்' போய்விட்டது. இத்தனை நாள் எந்த மனிதரைக் கும்பிட்டேன்? மண்ணெண்ணெய் வாங்க மறந்தேன்.

21, புதன்

நேற்று எழுத விளக்கில்லை. இப்போது முதிரை மரத்தடியில்.

பள்ளிக்கூட மண்டபத்தில் கச்சேரி. மு. முன்வரிசைக் கதிரையில், ஊர்ப் பெரியவராக. என் பெயரைக் கூப்பிட்டார்கள்.

அதிகாரி: "உம்மடை பேரிலை லொறி இருக்காம். உண்மையோ?"

மு. என் முகத்தையே பார்த்தார். இல்லை என்றால் குடிசை போகும். ஆமாம் என்றால் காணி போகும். என்ன சொல்வதென்று யோசித்து வைக்கவேயில்லை. வாயில் வந்தது:

"கடுதாசியில என்னுதுதாங்க ஐயா. ஆனா எனக்கு வேணாங்க. அரசாங்கத்துக்கே குடுத்துடுறேன். தெரியாம கையெழுத்துப் போட்டு வாங்கிட்டேன். தெரிஞ்சே கையெழுத்துப் போட்டுக் குடுக்கிறேன். எழுதிக்குங்க."

அதிகாரி பேனாவைத் திறந்தார்.

மு.வின் கதிரை விழுந்தது. "ஐயா, பொறுங்கோ! எழுதாதையுங்கோ! அது என்ரை லொறி!"

அத்தனை பேர் முன்னால். அவர் வாயால். சொன்னது நான்தானா? இன்னும் நம்ப முடியவில்லை. அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மு.வை நன்றாகப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரண்டு ஏக்கர். நாளைக்கே போய்க் காட்டை வெட்டத் துவங்கும்" என்றார்.

ஓட்டமாக வீட்டுக்கு. மு.வின் ஆட்கள் எனக்கு முன்னே வந்து போயிருந்தார்கள். சட்டி பானை எல்லாம் ஒழுங்கையில். குடிசைக் கதவில் புதுப் பூட்டு. லெ. சின்னவளை மடியில் வைத்துக்கொண்டு தகரப்பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அழுதிருப்பாள் என்று நினைத்தேன். இல்லை.

"குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க."

எழுந்தாள். "அப்ப பெட்டியத் தூக்குங்க."