சுண்ணாம்புச் செடியில் மிஞ்சிய ஏழு இலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே, மணி ஒன்றரை ஆகிறது, பகலில் நான்கு முறை பேனாவை எடுத்து எடுத்து மூடி வைத்துவிட்டேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் சளி இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவும் நானும் இருக்கிறோம். சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இழுத்துக்கொண்டு போனால் அப்புறம் எழுத மாட்டேன். வயிற்றிலிருந்த குழந்தை இல்லை. மூன்று வாரம் ஆகிறது, ஒரு செவ்வாய்க்கிழமை, ஐந்தாம் மாதம் முடிவதற்கு முன்பே. போனில் சொல்லிவிடலாம் என்றார் அப்பா, நான்தான் வேண்டாம் என்றேன், அந்தப் பக்கம் நீ பேசாமலே இருந்தால் நான் என்ன செய்வது. எனக்கு அழுகை வரவில்லை. துணி மடிக்கிறேன், மாத்திரை போடுகிறேன், அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் அக்கா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதபோது அவருக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன்.

“இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா, இனிமே யாரைப் பாப்பான்னு கூப்பிடுவீங்க” என்று கேட்டுவிட்டு நீ போனை வைத்தாய் அல்லவா, அதை மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. அதனால்தான் இப்படி ஆயிற்றோ என்று உனக்குத் தோன்றும், நீ அப்படிப்பட்டவள், எனக்குத் தெரியும். யார் என்ன சொன்னதாலும் செய்ததாலும் வந்ததில்லை என்று டாக்டரம்மா சொன்னார், உனக்காக அதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன். வெட்கமாக இருந்தது என்று நீ சொன்னதும் எனக்குப் புரிகிறது. எனக்கும் முதல் மாதம் வெட்கமாகத்தான் இருந்தது.

உன் செடியைப் பற்றியும் எழுத வேண்டும், அதிலும் நல்ல சேதி இல்லை. குழந்தை போவதற்கு முன்னும் பின்னுமாக நான் படுத்த படுக்கையாக இருந்த நாட்களில் சமையலறை ஜன்னலுக்குக் கீழே இருக்கும் சுண்ணாம்புச் செடியை அப்பாதான் பார்த்துக்கொண்டார். வெள்ளையடிக்கும்போது தெறித்த மாதிரி இலை ஓரமெல்லாம் வெள்ளை என்று அதற்கு அந்தப் பெயரை வைத்ததே அவர்தான், ஆனாலும் அது அந்தச் செடியின் நிறம் என்று கடைசி வரை அவருக்குப் பிடிபடவில்லை. முழுப் பச்சையாக ஒரு கிளை வந்தால் பாவம் பார்க்காமல் அடியோடு வெட்டிவிடவும் என்று நீ எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போனாயே, அதை அவர் படித்திருக்கிறார். படித்துவிட்டு, “படிச்ச பொண்ணு பச்சையா இருக்கறதைப் போய் வெட்டச் சொல்லுமா, அவசரத்துல மாத்தி எழுதிட்டா” என்று அவராகவே உன் எழுத்தைத் திருத்திக்கொண்டார். லிஃப்ட் வேலைக்கு எடுத்துப் போகிற ஒயர் கட்டரால் வெள்ளை இருந்த கிளையெல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து நறுக்கி, வாரா வாரம் பச்சைக்கு உரமும் வைத்து, “நோயெல்லாம் எடுத்துட்டேன், இப்ப பாரு எப்படி வருதுன்னு” என்று என்னிடம் வந்து பெருமையாகச் சொன்னார். எனக்கு எழுந்து போய்ப் பார்க்கவும் தோன்றவில்லை, நல்லது என்று சொல்லிவிட்டேன். அது என் தப்பு.

இப்போது பச்சை ஜன்னல் கம்பி வரைக்கும் வந்துவிட்டது, பாத்திரம் தேய்க்கும் இடத்தில் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கிறது. நேற்று நர்சரிக்கார அம்மா வந்து பார்த்தார். வெள்ளைக் கிளைக்கு வேகம் கம்மி, பச்சையை விட்டால் அது எல்லாவற்றையும் அமுக்கிவிடும், உரத்தை நிறுத்துங்கள், பச்சை முழுவதையும் புறப்பட்ட இடத்தோடு எடுத்துவிடுங்கள் என்றார். அப்பாவைப் பார்த்து, “சார், நீங்க நோயை வெச்சுக்கிட்டு ஆளை அனுப்பிட்டீங்களே” என்று சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. சுவர்ப் பக்கமாக அடியில் ஒரே ஒரு குருத்து மிஞ்சியிருக்கிறது, ஒரு சாண் கூட இல்லை, ஏழு இலை, வெள்ளை ஓரம் இருக்கிறது. மற்றதையெல்லாம் வெட்டினால் அது மட்டும்தான் நிற்கும். அப்பா கட்டரைத் தொட மாட்டேன் என்கிறார், “இருக்கறதையும் வெட்டிட்டு நான் எதைப் பார்க்கறது” என்கிறார். நான் இன்னும் ஒரு மாதம் குனியக் கூடாது. அவர் தினமும் வேலைக்குப் போகும் முன் அந்த ஏழு இலையையும் எண்ணிவிட்டுப் போகிறார், நான் பார்க்கவில்லை என்று நினைப்பு.

தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு, காலையில் வெறும் வயிற்றோடு ஓடாதே. நீ எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும், அதற்கு மேல் எனக்கு எதுவும் கேட்கத் தெரியவில்லை. நீ கேட்ட கேள்விக்கும் பதில் எழுதிவிடுகிறேன், உன்னைத்தான் கூப்பிடுவோம். குழந்தை இருந்திருந்தாலும் உன்னைத்தான்.

பச்சையை வெட்டவா வேண்டாமா என்று உன் கையால் எழுது, இந்த முறை அப்பா திருத்த மாட்டார். சீக்கிரம் பதில் போடு.

அம்மா