முதுகில் ஒரு தண்ணீர்ப் பை

27.3.94, ஞாயிறு

மே தின சைக்கிள் பந்தயத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் என் வீட்டுக்காரர். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை. என்னிடம் ஒரு வார்த்தை? கிடையாது. பக்கத்து வீட்டுக் காவேரியக்கா சொல்லித்தான் தெரியும்.

போன வருஷம் இதே பந்தயத்தில் சூளகிரி தாண்டி ரோட்டோரம் மயங்கி விழுந்தவர். பாட்டில் பாட்டிலாகக் குளுக்கோஸ் ஏற்றினார்கள். "தண்ணி குடிக்காம இன்னொரு தடவ இப்படி மிதிச்சா கிட்னி போயிடும்" என்று டாக்டர் என்னைத்தான் திட்டினார். நானா மிதித்தேன்?

"இறங்கிக் குடிச்சா என்னாங்க?" என்றால், "இறங்குனா பின்னாடி வர்றவன் போயிடுவான் லட்சுமி" என்கிறார். ஓட்டிக்கொண்டே குடிக்கவும் முடியாது. கம்பெனியில் பிரஸ் மிஷினில் மாட்டி வலது கை விரல்கள் போனபின் இடது கைதான் ஹேண்டில்பாரைப் பிடிக்கிறது. அதையும் எடுத்துப் பாட்டிலைப் பிடித்தால் வண்டி எங்கே போகும்?

கோபத்தில் ரசத்துக்கு இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். சாப்பிடட்டும்.

2.4.94

காவேரியக்கா இடுப்புக்கு ஒத்தடம் கொடுக்கும் ரப்பர் பையைப் பார்த்தேன். தண்ணீர் பிடிக்கும், ஒழுகாது. அதை முதுகில் கட்டி, வாய்க்கு ஒரு குழாய் விட்டால்? கை எதற்கு?

6.4.94

அண்ணன் தீர்த்தகிரி கொத்தனார். மட்டம் பார்க்கிற டியூபில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தான். "என்னா, மாப்பிள்ளைய மட்டம் பாக்கப் போறியா?" என்று கிண்டல் வேறு.

புதுப் பை ஒன்று வாங்கி, மூடியில் ஓட்டை போட்டு, டியூபைச் செருகி, சுற்றிலும் பஞ்சர் சொல்யூஷன் தடவினேன். அவருடைய பழைய பேன்ட்டைக் கிழித்து, இரண்டு தோளிலும் மாட்டுகிற மாதிரி உறை தைத்தேன். மாட்டிக்கொண்டு நின்றவரைப் பார்த்துக் காவேரியக்கா, "ஏனப்பா சின்னராஜு, இஸ்கூலுக்கா?" என்றாள். கழற்றி எறிந்துவிடுவாரோ என்று பயந்தேன். எறியவில்லை.

10.4.94, ஞாயிறு

விடியுமுன் பையை மாட்டிக்கொண்டு கெலமங்கலம் வரை மிதித்துவிட்டு வந்தார்; வருகிற வரை நான் வாசலை விட்டு நகரவில்லை. பை காலி!

24.4.94

"ரப்பர் நாத்தம். இதக் குடிக்கறதுக்கு மயங்கியே விழலாம்" என்கிறார். அந்த வாயில் ஒன்று போட்டால் என்ன? எலுமிச்சம்பழம் பிழிந்தாயிற்று, சீரகம் போட்டாயிற்று, நாற்றம் போகவில்லை. ஆனாலும் திட்டிக்கொண்டே குடிக்கிறார்.

30.4.94

மோர்! ஊற்றிக் குடித்துப் பார்த்தேன். நாற்றமே தெரியவில்லை. நாளைக்கு அதுதான்.

1.5.94, ஞாயிறு

காலையில் மோரில் இஞ்சி, பச்சை மிளகாய், கொத்தமல்லி தட்டிப் போட்டுப் பையை நிரப்பினேன். வடிகட்டவில்லை. வடிகட்டினால் அது மோரா?

பஸ் பிடித்துக் கிருஷ்ணகிரி போய், பந்தயம் முடிகிற இடத்தில் நின்றேன். முதல் ஆள் வந்தான். கும்பலாக வந்தார்கள். இவரைக் காணோம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. சாமி, ஜெயிக்க வேணாம் — வந்து சேந்தா போதும். விழுந்துட்டாரா? யார்கிட்டன்னு போய்க் கேக்கறது?

கடைசியில் வந்தவர்களோடு வந்தார்.

"என்னாத்தடி ஊத்தின? சூளகிரிக்கு முன்னாலயே அடச்சிக்கிச்சு. உறிஞ்சி உறிஞ்சிக் கன்னம்தான் வலிக்குது."

டியூபை உதறினேன். கொத்தமல்லித் தழை. ஐயோ!

"அப்ப... தண்ணி?"

"இறங்கிட்டன்."

"என்னாது?"

"இறங்கிட்டன்டி. ஒரு வூட்ல கேட்டு ரெண்டு சொம்பு குடிச்சிட்டு, நெழல்ல குந்தியிருந்து வந்தன். ஒரு மாசமா உறிஞ்சிப் பழகிடுச்சா, இல்லன்னதும் நாக்கு தாங்கல. எல்லாவனும் போயிட்டான். போனா போறானுங்க."

நடுரோடு என்றும் பார்க்காமல் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆஸ்பத்திரி வேண்டாம், குளுக்கோஸ் வேண்டாம். அப்பாடா!

இருவரும் பஸ்ஸில் திரும்பினோம், சைக்கிளை மேலே ஏற்றிவிட்டு. என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தார்.

3.5.94

இனி பையில் வெறும் தண்ணீர்தான். நாறினால் நாறட்டும்.

5.6.94, ஞாயிறு

வெயில் ஏறிய பிறகுதான் எழுந்தேன். அவர் உத்தனப்பள்ளி வரை போய்த் திரும்பி, குளித்து, அடுப்பில் காப்பி வைத்திருந்தார். பை காலியாகக் கொடியில் தொங்கியது.

எப்போது கிளம்பினார் என்றே எனக்குத் தெரியாது.