தோழியின் புரோப் ஒளிர்ந்தது

அம்மாவுக்கு, நான் சுகம். உன் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் ஆய்வகத்தில் என் அறைத்தோழி ஒரு டி.என்.ஏ. புரோப் செய்திருக்கிறாள். காசநோய்க் கிருமியின் மரபணுவைத் தேடிப்போய் ஒட்டிக்கொண்டு ஒளிரும் சின்னத் துண்டு அது. நான் செய்தது ஒளிரவே இல்லை. மாதக்கணக்கில் காய்ச்சல் தீராத ஒரு குழந்தையின் சளியில் அவளுடையதைச் சோதிக்கும் வேலை எனக்கே வந்தது. ஒளிரக்கூடாது என்றுதான் நினைத்தேன் அம்மா, குழந்தையை மறந்துவிட்டு. ஒளிர்ந்தது. அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அன்றே சரியான மருந்து ஆரம்பித்தார்கள்.

“நீ பாத்ததாலதான்டி எனக்கு நிம்மதி” என்றாள் தோழி. அதற்கும் வயிறு எரிந்தது.

என் கம்பளிச் சட்டையை அனுப்பு. போனில் இனி அவளை விசாரிக்காதே, நான் சாப்பிட்டேனா என்று மட்டும் கேள். பேருந்து வந்துவிட்டது.

உன் பெரியவள்