பெஞ்சில் மட்டும் சொன்ன பெயர்

ஜனவரி 11

இது எந்த வருஷம் என்று பின்னால் யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே. டியூஷன் கட்டடத்துக்கு லிப்ட் வைத்த வருஷம். எதிரே இருந்த சினிமா கொட்டகையை இடித்துக் கார் நிறுத்தும் இடமாக்கிய வருஷம். டியூஷன் வாசலில் எங்கள் பெஞ்சில் தையல்காரர் போய்ச் சேர்ந்து, நாங்கள் மூன்று பேராகிவிட்ட வருஷம். எனக்கு நம்பர் நிற்காது. யார் போனார், எது இடிந்தது என்பதுதான் நிற்கும்.

எழுதப் படிக்கத் தெரியாது எனக்கு. பேரன் இந்த போனில் ஏதோ போட்டுக் கொடுத்திருக்கிறான். நான் பேசினால் அது எழுதுகிறது. தேதியையும் அதுவே போட்டுக்கொள்கிறது. கொச்சையாகப் பேசினால் கண்டபடி எழுதிவைக்கிறதாம். செய்தி வாசிக்கிறவர் மாதிரி பேசு தாத்தா என்றான். என்னிடமா சொல்கிறான்? பெஞ்சில் எனக்குப் பெயரே ரேடியோ. செய்தி வாசிக்கிறவர், தேர்தல் மைக்காரர், டியூஷன் சார், யார் குரல் வேண்டும்?

வீட்டில்தான் பேச முடியாது. பேரனுக்கு மே மாதம் நுழைவுத் தேர்வு. டிவியைத் துணி போட்டு மூடியாகிவிட்டது. நான் இருமினால் மகள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்க்கிறாள். அவன் படிக்கிறானோ தூங்குகிறானோ, வீடே பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறது. அதனால்தான் போனிடம் பேசுகிறேன். வேறு யாரிடம் பேச?

ஜனவரி 20

டியூஷன் மூன்றாவது மாடியில். கீழே மாடிப்படிக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஓர் இரும்பு பெஞ்சு. பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிற கிழடுகளின் வகுப்பு அது. ஓய்வு பெற்ற நர்ஸம்மா ஒருத்தி, தங்கை பேரனைக் கூட்டி வருகிறாள்; மேட்ரன் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அடுத்து கண்டக்டர். வேலை பார்த்த காலம் முழுக்க பஸ்ஸில் சீட்டு கிழித்தவர். அவர் பேத்திக்கு டாக்டர் சீட்டு போன வருஷம் கைக்கெட்டாமல் போய், இது இரண்டாம் தடவை.

இன்று சொன்னார்: "ஊர்ல உள்ளவனுக்கெல்லாம் சீட்டு கிழிச்சுக் குடுத்தேன். சொந்தப் பேத்திக்கு ஒரு சீட்டு கிழிக்க முடியல பாரு."

அவளைப் பற்றிப் பேசினால் பெயரைச் சொல்ல மாட்டார். ராங்கி என்பார். ராங்க் வாங்குவாளோ என்னவோ, இப்போதைக்கு ராங்கிதான். ஒருநாள் சாரிடமே உங்கள் விடை தப்பு என்றாளாம், தப்புத்தானாம். இதை எத்தனை தடவை சொன்னாலும் புதிதாகச் சொல்வதுபோலவே சொல்வார். ஆனால் அவள் படியிறங்கி வந்ததும் பேச்சு நின்றுவிடும். பெஞ்சை இரண்டு தட்டுத் தட்டி, "போலாம் ரைட்." அவ்வளவுதான். எங்கள் முன்னால் அவளைக் கொஞ்சியதே இல்லை.

மேலே சார் மைக்கில் கத்துவது தெரு வரைக்கும் கேட்கிறது. "டவுட்டா இருந்தா விட்டுடு. தெரிஞ்சத முடி. விட்டதுக்குக் கடைசியில வா." தப்பாக எழுதினால் எடுத்த மார்க்கையும் பிடுங்கிக்கொள்வார்களாம். நான் அதே குரலில் மேட்ரனிடம் சொன்னேன். சிரித்தாள்.

பிப்ரவரி 2

கண்டக்டர் தன் மகள் இருக்கும் ஊருக்குப் போகிறார், கண் ஆபரேஷனுக்கு. மார்ச்சுக்குள் வந்துவிடுவாராம். பயமா இருக்கா என்று கேட்டேன். "இருக்காதா? இனிமே உன் மூஞ்சி பளிச்சுனு தெரியுமே" என்றார்.

பிப்ரவரி 14

கண்டக்டர் நேற்றுச் செத்துப்போய்விட்டார்.

பிப்ரவரி 16

மேட்ரன் விவரம் சொன்னாள். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. மறுநாள் காலை காபி குடித்துக்கொண்டிருந்தவர் டம்ளரைக் கீழே வைக்கவில்லை. மகன் போய் அங்கேயே காரியத்தை முடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஆபீஸ் வேலையாகப் போனதாக வீட்டில் பேச்சு.

பேத்திக்குச் சொல்லவில்லை. பரீட்சை முடியட்டும் என்று முடிவு. இது ஒன்றும் புதிதில்லை. எங்கள் தெருவிலேயே போன வருஷம் ஒரு வீட்டில் அத்தை செத்ததைப் பையனுக்கு இப்படித்தான் மறைத்தார்கள். சாவுக்கும் டைம்டேபிள் போடுகிறார்கள். எனக்கு இதில் சம்மதமா? என்னை யார் கேட்டது?

பிப்ரவரி 21

அந்தப் பெண் இப்போது தனியாக வருகிறாள். இன்று பெஞ்சு முன்னால் நின்றாள்.

"ரேடியோ தாத்தா, எங்க தாத்தா உங்களுக்காவது போன் பண்ணாரா? எனக்குப் பண்ணவே மாட்டேங்கறாரு."

கண்ணுக்கு வெளிச்சம் ஆகாதாம், போனைத் தொடவே கூடாதாம் என்றேன். மேட்ரன் கைப்பைக்குள் எதையோ தேடினாள். அவள் பைக்குள் மூக்குக் கண்ணாடியும் கைக்குட்டையும் தவிர ஒன்றும் இருக்காது. எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 25

கண்டக்டரின் மகன் வந்தார். என்னை எதிரே கார் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப்போய், காரில் உட்காரவைத்து, கண்ணாடியை ஏற்றினார். கையில் அப்பாவின் போன். ஓரத்தில் ரப்பர் பேண்டு போட்டது.

அவர் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லையாம். போன டெஸ்டில் மார்க்கு சரிந்துவிட்டதாம். தாத்தா, தாத்தா என்று நச்சரிக்கிறாளாம்.

"ஐயா, நீங்க அப்பா மாதிரியே பேசுவீங்கன்னு அப்பாவே சொல்லியிருக்காரு. ஒரே ஒரு தடவை. பரீட்சை வரைக்கும் அவ தாங்கணும்."

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். திறந்த வாயில் கண்டக்டர் வந்துவிட்டார்.

"என்ன ராங்கி, எப்படி இருக்க? கண்ணு நல்லாத் தெரியுது. டாக்டர்தான் தொட்டதுக்கெல்லாம் திட்டுறாரு. நீ படி. தெரியாத கேள்வியில நிக்காத. ஸ்டாப்பிங் இல்லாத எடத்துல வண்டி நிக்கக் கூடாது. போலாம் ரைட்."

அதை அந்த போனில் பதிவுசெய்து மகளுக்கு அனுப்பிவிட்டு, அந்த மனிதர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து அழுதார். நன்றாகச் செய்தோம் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பெருமைதான் குத்துகிறது. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். மகள் வந்து, அப்பா செருப்புச் சத்தம் அவனுக்குக் கேட்குது என்றாள்.

மார்ச் 1

பதில் வந்ததாம். கண்டக்டர் மகன் போட்டுக் காட்டினார். முதலில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்புறம், "சரி தாத்தா. அடிக்கடி பேசுங்க."

நம்பிவிட்டாள். மகன் முகத்தில் உயிர் வந்தது. ஒரே ஒரு தடவை என்றது இப்போது அடிக்கடி ஆகிவிட்டது.

மார்ச் 9

மேட்ரன் கேட்டாள்: "ஏன்யா ரேடியோ, செத்தவன நிம்மதியா இருக்க விடமாட்டியா? அந்தப் புள்ளைக்கு ஒருநாள் தெரியுமில்ல, அன்னைக்கு எந்தத் தாத்தனுக்காக அழும்? அவனுக்கா, உனக்கா?"

தேர்தல் மைக்காரர் குரலில் ஏதோ சொல்லிப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 23

வாரம் தவறாமல் காரில் உட்காருகிறேன். அவள் வீட்டு விஷயம் கேட்டால் மாட்டிக்கொள்வேன் என்று ஒவ்வொரு தடவையும் பயம். நல்ல வேளை, அவள் பெஞ்சைப் பற்றியே கேட்கிறாள். தாத்தா, கீழே உட்கார்ந்து என்னதான் பேசுவீர்கள்? என்னைப் பற்றி என்ன சொல்வீர்கள்? மேட்ரன் பாட்டியிடம் என்னைப் புகழ்வீர்களா, திட்டுவீர்களா?

அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒரு சொல் விடாமல் ஞாபகம் இருக்கிறது. சாரின் விடையைத் தப்பு என்று சொன்ன கதையைச் சொன்னேன். ஆறாம் வகுப்பில் பஸ்ஸில் ஏறி, சொந்தத் தாத்தாவிடமே காசை நீட்டிச் சீட்டு கேட்டாளாம். அந்தச் சீட்டை அவர் பர்ஸில் வைத்திருப்பதாகப் பெஞ்சில் காட்டினார். அதையும் சொன்னேன். மார்க்கு ஏறியிருக்கிறதாம்.

ஏப்ரல் 6

இன்று காலை மகளிடம் தண்ணீர் கேட்டேன். கண்டக்டர் குரலில் வந்தது. அவள் பயந்து திரும்பினாள். வேண்டுமென்று செய்யவில்லை. அப்படியே வந்தது. அப்புறம் குளியலறைக்குள் போய் என் குரலில் பேசிப் பார்த்தேன். இதுதான் என் குரலா? இப்படியா இருந்தது? இது என்ன எழவுன்னு புரியல — தப்பா எழுதினா எழுதிக்கட்டும், இந்த போனு.

ஏப்ரல் 19

சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். லிப்டில் ஏறாமல் படியேறினேன், யோசிக்க நேரம் வேண்டுமே. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவளே இறங்கி வந்தாள். நெஞ்சோடு தடியான கேள்விப் புத்தகம். என் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன தாத்தா, ஏதாவது சொல்லணுமா?"

இல்லம்மா, சும்மா என்றேன்.

"அப்ப பரீட்சை முடிஞ்சு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏன் அப்படிச் சொன்னாள்?

மே 2

கடைசிச் செய்தி பேசினேன். போலாம் ரைட் சொல்லும்போது குரல் பிசகிவிட்டது. மறுபடி பேசலாமா என்றார் மகன். வேண்டாம், அப்படியே அனுப்புங்கள் என்றேன்.

மே 4

பேரனுக்கும் கண்டக்டர் பேத்திக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில்தான் தேர்வு. வெளியே வெயிலில் பெற்றவர்கள் கூட்டம். கேட் திறந்ததும் பிள்ளைகள் வந்தார்கள். என் பேரன் வந்து, பசிக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடைப்பக்கம் போனான். அவ்வளவுதான் அவன் பரீட்சை.

அந்தப் பெண் வந்தாள். அவள் அப்பா காரை எடுத்துவரப் போயிருந்தார். அவள் நேராக என்னிடம் வந்து நின்றாள்.

"ஒரு கேள்விய விட்டு வச்சிருந்தேன் தாத்தா. இப்ப அதுக்கு வரேன். எங்க தாத்தா எப்ப செத்தாரு?"

ரேடியோ நின்னு போச்சு. பொய் சொல்லவும் தெம்பில்ல. பிப்ரவரி பதிமூணு, காலைல, காபி குடிச்சுக்கிட்டிருந்தாரும்மா-ன்னேன்.

"அன்னைக்கு எனக்கு கெமிஸ்ட்ரி டெஸ்ட்" என்றாள். அழவில்லை.

உனக்கு எப்ப தெரியும்னு கேட்டேன்.

"மொத மெசேஜ்லயே. குரல் அவருதுதான். ஆனா அவர் என்னை ராங்கின்னு ஒருநாள்கூடக் கூப்பிட்டதில்ல. அம்மாடின்னுதான் கூப்பிடுவாரு. கோவம் வந்தாலும் அம்மாடிதான்."

அம்மாடியா? அந்த மனுஷன் வாயிலா? பெஞ்சுல உக்காந்த ஒருத்தருக்கும் அது தெரியாது. எனக்குத் தெரிஞ்ச கண்டக்டரு வேற. அவளுக்குத் தெரிஞ்ச தாத்தா வேற. ஒரு சொல்லு விடாம ஞாபகம் இருக்குன்னு பீத்திக்கிட்டேனே. கேட்ட சொல்லுதானே ஞாபகத்துல இருக்கும்?

அப்பாகிட்ட கேட்டிருக்கலாமேம்மா என்றேன்.

"கேட்டா சொல்லிடுவாரு. சொல்லிட்டா நான் எழுத முடியாது. டவுட்டா இருந்தா விட்டுடுன்னு சார் சொல்வாருல்ல?"

"டவுட்டாவா இருந்துச்சு?"

"இல்ல. இருந்தாலும் விட்டுட்டேன்."

அப்புறம் எதுக்கும்மா என்னை வாரா வாரம் பேச விட்ட?

"என் முன்னாடி அவர் என்னைப் பத்தி ஒரு வார்த்தை நல்லதா சொன்னதில்ல தாத்தா. பெஞ்சுல என்ன சொல்வாருன்னு உங்களுக்குத்தானே தெரியும். அதான் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

சொல்லிவிட்டு நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. பிப்ரவரியிலிருந்து அடக்கிவைத்த அழுகை, ஒரேயடியாக. அவள் அப்பா காரைத் தெருவிலேயே நிறுத்திவிட்டு ஓடிவந்தார். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. எந்தக் குரலில் அவளுக்குச் சமாதானம் சொல்வது என்று தெரியாமல் நான் பக்கத்தில் நின்றேன்.

மே 5

அவள் வீட்டில் இன்றுதான் கண்டக்டர் படத்தை மாட்டியிருக்கிறார்கள். அவர் பர்ஸை அவளிடமே கொடுத்துவிட்டாராம் அப்பா. உள்ளே அந்தப் பழைய சீட்டு இருந்ததாம்.

ஆகஸ்ட் 20

முடிவு வந்து, கலந்தாய்வும் முடிந்தது. டாக்டர் சீட்டு கிடைக்கவில்லை. பல் டாக்டர் சீட்டு கிடைத்திருக்கிறது, தொலைவில். அப்பாவுக்கு மனசு ஆறவில்லை. இன்னொரு வருஷம் எழுதச் சொன்னாராம். முடியாது என்றுவிட்டாளாம், ராங்கி. ஜன்னல் சீட்டு இல்லைன்னா என்ன, உக்காந்தாச்சுல்ல என்றிருப்பார் கண்டக்டர். இதை என் குரலிலேயே அவள் அப்பாவிடம் சொன்னேன். சிரித்துவிட்டார்.

பேரன் பரீட்சையில் தேறவில்லை. வணிகப் படிப்பில் சேர்ந்துவிட்டான். நிம்மதியாகத் தூங்குகிறான். முன்னேயும் தூங்கினான். டிவி மேலிருந்த துணியை எடுத்துவிட்டார்கள்.

செப்டம்பர் 3

எனக்கு இனி டியூஷன் வாசலில் வேலையில்லை. ஆனாலும் சாயங்காலமானால் கால் நிற்பதில்லை. போனால் மேட்ரனும் வந்திருக்கிறாள். அவளுக்கும் அங்கே வேலையில்லை.

நவம்பர் 17

மேட்ரன் வரவில்லை. மூச்சுத் திணறல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

நவம்பர் 24

மேட்ரனைக் கடைசியாக வழியனுப்பிவிட்டு வந்தேன்.

டிசம்பர் 1

பெஞ்சில் புதிதாக இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். மேலே சார் அதையேதான் கத்துகிறார். நான் நடித்துக் காட்டவில்லை.

கண்டக்டர் பேத்தி ஹாஸ்டலிலிருந்து செய்தி அனுப்பியிருந்தாள். முதல் சொல்லே, "ராங்கி பேசறேன்." அங்கே அவள் தோழிகள்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம், அவளே சொல்லிக்கொடுத்தாளாம். மேட்ரன் பாட்டி போனது அப்பா சொல்லித் தெரியுமாம். இந்தத் தடவை அன்றைக்கே சொல்லிவிட்டாராம், நாளைக்குப் பரீட்சை என்று தெரிந்தும்.

கடைசியாகக் கேட்டிருந்தாள்: "அவர் வாயால அந்தப் பேரைச் சொல்லக் காதால கேட்டவங்க இப்ப யாரு தாத்தா இருக்கா? அவர் குரல்ல வேணாம். உங்க குரல்லயே சொல்லுங்க."

தொண்டையைச் செருமிக்கொண்டேன். தையல்காரர் இல்லம்மா. மேட்ரனும் இல்ல. ரேடியோ இருக்கான்.