தூவலம் போவார்க்கு மூவரையர் எழுதிய வழியோலை

கடல் முத்துத் தர, மலை சந்தனம் தர, இரண்டுக்கும் நடுவே நெல் விளையும் செழுங்கானல் நாட்டை ஆளும் வானவன் நங்கைப் பெருந்தேவியாகிய நாம், நம் முதலமைச்சரும், நால்வகை நூலும் கற்றவரும், தலைநகரின் ஆற்றைத் தாண்டி ஒருநாளும் அடிவைத்தறியாதவருமான கலிகடிந்த மூவரையருக்கு விடுக்கும் ஓலை. நீரும் உம் இல்லத்தாரும் நலமே இருக்க. வெயில் தாளாமல் நீர் ஒதுங்கியிருக்கும் கோடை மாளிகையில் தென்றல் குறையாதிருக்க. உம் பாதங்கள் பத்து விரல்களோடு நெடுங்காலம் நடக்க. இக்கடைசி வாழ்த்தின் காரணம் ஓலை முடிவதற்குள் உமக்கு விளங்கும்.

நீர் அனுப்பிய குற்ற ஓலை வந்து சேர்ந்தது. குதிரை உடன்படிக்கைக்காகத் தூவலப் பெருநாட்டுக்கு நாம் விடுத்த தூதன் மாறவேள், நீர் எழுதிக் கொடுத்த வழியோலையை மீறினான் என்றும், ஆடுகளோடு ஒரே கூரையின்கீழ்ப் படுத்தான் என்றும், முப்பது நாள் நீராடாது திரிந்தான் என்றும், அந்நாட்டுக் கோன் முன்னே காலில் தோலும் மேலில் மயிர்ப்போர்வையுமாக நின்று நம் குடியின் மானத்தைக் கப்பலேற்றினான் என்றும், ஆதலால் அவன் தலையைக் கொய்வதே நெறி என்றும் எழுதியிருந்தீர். எழுத்து அழகாகத்தான் இருந்தது. ஒரு மனிதனின் தலையைக் கேட்கும் ஓலையில் ஒரு சுழிகூடப் பிசகவில்லை.

கேட்டவுடன் தலையைக் கொடுப்பது நம் வழக்கமன்று. அவை கூட்டி விசாரித்தோம். நீர் வரவில்லை, பித்தம் என்று சொல்லி அனுப்பினீர். ஆகையால் அங்கே தெரியவந்ததை இங்கே எழுதுவிக்கிறோம். உட்கார்ந்து கேளும்.

ஐம்பது பேரோடு புறப்பட்ட மாறவேள், உமது வழியோலையைத் தலைப்பாகைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டு போனான். கற்றவர் எழுதியது, பிழைக்காது என்று நம்பினான். கார்த்திகைக் கடைசியில் தூவலத்தின் எல்லையை அடைந்தான். எல்லைச் சந்தையில் இருந்தவர்கள், ஆற்றுவழி இன்னும் திறந்திருக்கிறது, இன்றே போய்விடுங்கள் என்று அவனிடம் சொல்லிப் பார்த்தார்கள். உமது ஓலையோ தை முதல் நாளுக்கு முன் எல்லை கடக்கலாகாது என்றது. நம் நாட்டில் தை பிறந்தால் கதிர் அறுப்போம். அந்நாட்டில் தை பிறந்தால் குளிர் தாங்காமல் நின்ற மரம் வெடிக்கிறது. முப்பது நாள் சும்மா காத்திருந்து, நல்ல வேளை பார்த்து, நடுக்குளிருக்குள் வலக்காலை எடுத்து வைத்தான் நம் தூதன்.

எல்லையிலிருந்து தலைநகர் பத்து நாள் வழி என்று எழுதியிருந்தீர். எவரைக் கேட்டு எழுதினீர்? நம் நாட்டை நான்கு முறை விரித்துப் போட்டாலும் அந்நாட்டின் ஒரு மூலை மூடாது. பத்து நாளுக்குக் கட்டிய அரிசி பத்தாம் நாள் தீர்ந்தது. தலைநகர் நாற்பதாம் நாள் வந்தது.

விடியலில் நீராடியே புறப்படுக என்றீர். உறைந்த ஓடையை உடைத்து நீராடினார்கள்; நனைந்த குடுமி விறைத்து நின்றது, மூவர் மார்ச்சளி கண்டு இறந்தார்கள். உடலெங்கும் எண்ணெய் பூசுக என்றீர். தேங்காயெண்ணெய் குடத்துக்குள் கல்லாகி உளி கேட்டது. பதவிக்குரிய பொன் தோள்வளையைக் கழற்றலாகாது என்றீர். கழற்ற வேண்டி வந்தபோது அது தோலையும் உரித்துக்கொண்டு வந்தது. இவற்றைச் சொல்கையில் மாறவேளின் குரல் உயரவில்லை. நமக்குத்தான் உள்ளம் கொதித்தது.

அரிசி தீர்ந்த அன்று ஊல்மா என்னும் பெண்ணொருத்தி சறுக்குவண்டியில் அவ்வழியே வந்தாள். இவர்கள் கோலத்தைப் பார்த்து, தன் ஆட்டுக்கொட்டிலில் வந்து படுக்கும்படியும், ஆடுகளின் சூடே ஆளைக் காக்கும் என்றும் சைகையாலும் அரைகுறைச் சொல்லாலும் வற்புறுத்தினாள். விலங்கோடு உறங்கலாகாது என்று உம் ஓலை சொல்லியிருந்ததால் மாறவேள் மறுத்துவிட்டான். மறுநாள் ஆறு பேர் எழுந்திருக்கவில்லை. அந்த ஆறு பேரும் தன் குற்றம் என்று அவையில் அவனே சொன்னான். நாங்கள் யாரும் கேட்காமலே சொன்னான். மூவரையரே, தம் குற்றம் இன்னதென்று தாமே சொல்லும் ஒருவரை நம் அவையில் கண்டு வெகுகாலமாயிற்று.

அதன்பின் ஊல்மாவே வழிகாட்டியாக உடன்வர, எஞ்சிய நாற்பத்தொருவரும் ஊருக்கு ஊர் ஆடுகளோடு படுத்தார்கள், நீராட்டை விட்டார்கள், உயிரோடு தலைநகர் சேர்ந்தார்கள். வழியில் எப்படி நடந்தாலும் அரசவையில் நம் மரபு பிசகலாகாது என்று மாறவேள் உறுதியாக இருந்தான். குளிர்காலத்தில் தூவலக் கோன் உறைந்த ஏரியின்மேல் அவை கூட்டுகிறான். நாற்றிசைத் தலைவர்களும் சறுக்குவண்டியில் வந்து சேர அதுவே வசதி. அந்த ஏரியின் நடுவே, உம் ஓலைப்படி, நம் தூதன் செருப்பைக் கழற்றினான், மேலாடையை அவிழ்த்து இடுப்பில் கட்டினான், கைகூப்பி நின்றான். தலைவர்கள் வந்து நிறையும்வரை நின்றான். முற்பகல் தொடங்கி உச்சிவரை அப்படியே நின்றான்.

பணிவென்று நாம் நினைப்பதை அவர்கள் பழியென்று கொள்கிறார்கள். அந்நாட்டில் ஒருவன் பனியில் உடல் திறந்து நின்றால், இந்த ஊரார் எனக்கு நெருப்புத் தர மறுத்தார்கள் என்று ஊரறியக் குற்றம் சாட்டுவதாகும். அதைவிடப் பெரிய வசை அங்கே இல்லையாம். வந்தமர்ந்த கோன் இவனைக் கண்டு முகம் கறுத்து எழுந்தான். தலைவர்கள் வாளில் கைவைத்தார்கள். ஊல்மா கூட்டத்தைப் பிளந்து வந்து தன் போர்வையால் அவனைச் சுற்றி, இவர்கள் நாட்டில் மதிப்புக் காட்டுவது இப்படித்தான் என்று கோனுக்கு விளக்கினாள். அதைக் கேட்ட கோன் தன் காலில் கிடந்த மயிர்த்தோல் காலணிகளைக் கழற்றி, குனிந்து, தன் கையாலேயே நம் தூதனுக்கு மாட்டிவிட்டான். மறுமுறை அவைக்குப் போனபோது மாறவேள் அணிந்திருந்தது அந்தக் காலணியைத்தான். ஓர் அரசன் குனிந்து அணிவித்ததைக் கழற்றாமல் நின்றதற்காகவே நீர் அவன் தலையைக் கேட்டீர். உடன்படிக்கை அன்றே முத்திரை பெற்றது. அதைப் பற்றி உம் குற்ற ஓலையில் ஒரு வரி இல்லை.

இனி நம் அவையில் நடந்தது. மாறவேள் அதே காலணியோடு வாயிலில் வந்து நின்றான். உம் பக்கத்தார், பாருங்கள், இங்கேயும் மரபை மீறுகிறான், இதைவிடச் சான்று வேண்டுமோ என்று ஆரவாரித்தார்கள். கழற்று என்று ஆணையிட்டவர் நாமே. அதை இங்கே மறைக்காமல் எழுதுவிக்கிறோம். அவன் தரையில் அமர்ந்து கழற்றினான். பிறகு தூணுக்குத் தூண் பிடித்து நம் முன்னே நடந்து வந்தான். இரண்டு கால்களிலும் சேர்த்து எஞ்சியிருந்தவை இரண்டு விரல்கள். ஏரியில் கறுத்துப்போன எட்டையும் ஊல்மா கத்தியால் நீக்கியிருக்கிறாள். நமக்கு அழுகை வந்தது. அரசி அழலாகாது என்பதும் உம் நூல்களில் ஒன்றில் இருக்கும்.

உமக்குச் செய்தி சொன்ன உம் மருகன் பொற்காரியும் அத்தூதில் போய்வந்தவனாயிற்றே, அவனையும் கழற்றச் சொன்னோம். பத்து விரலும் பழுதில்லாமல் இருந்தன. எல்லைச் சந்தையிலேயே மயிர்த்தோல் காலணியும் குல்லாயும் வாங்கிக்கொண்டதாகவும், மாமன் எழுதிய வழியோலையைத் தான் ஒருநாளும் நம்பியதில்லை என்றும் அவன் அவையறிய ஒப்புக்கொண்டான். உம் அறிவை உம் வீட்டாரே நன்றாக அளந்து வைத்திருக்கிறார்கள்.

மாறவேளைக் கொண்டு புது வழியோலை ஒன்று எழுதுவித்திருக்கிறோம். குளிர் இறங்குமுன் ஆற்றுவழியே போய்விடுக; பிந்தினால் அடுத்த வேனிலுக்குக் காத்திருக்க. ஒரே கனத்த ஆடையை விடத் தளர்ந்த ஆடைகள் மூன்று நன்று. வியர்க்க நடவாதே, வியர்வை உறையும். முகத்தில் ஆட்டுக்கொழுப்புப் பூசுக. தண்ணீர்ப் பையை ஆடைக்குள் உடம்போடு வைத்துக்கொள்க. தாகத்துக்குப் பனியைத் தின்னாதே. விறைத்த காலைத் தேய்க்காதே; மற்றொருவன் வயிற்றின்மேல் வைத்துச் சூடேற்றுக. வானம் தெளிந்திருந்தால் மகிழாதே, அன்றுதான் குளிர் கூடும். யாரேனும் கொட்டிலைக் காட்டினால் அக்கணமே உள்ளே போ. இந்தக் கடைசி வரியை மட்டும் இருமுறை எழுதும்படி அவன் கேட்டான்.

ஆகவே நம் ஆணை இது. மாறவேளின் தலை அவன் தோள்மேலேயே இருக்கும். அவன் இனி நம் அவையில் காலணியோடு, நம் வலப்பக்கத்தில் அமர்வான். கழற்றச் சொல்லும் வாய்க்கு அன்றோடு அவையில் இடமில்லை. குதிரைகளை ஏற்றிவர அடுத்த தூதாக நீரே தூவலம் செல்வீர். பொற்காரி உடன் வருவான். நாள் பார்த்துக் களைக்க வேண்டாம். உம் ஓலையே தை முதல் நாள் என்று குறித்திருக்கிறது. உம் வழியோலையும் மாறவேளின் வழியோலையும் இரண்டும் உம்மோடு வரும். எதன்படி நடப்பது என்பது உம் விருப்பம். பித்தம் என்ற மறுமொழியை நாம் ஏற்கமாட்டோம். அந்நாட்டுக் குளிர் பித்தத்துக்கு நல்லதென்று கேள்வி.

இவ்வாணை ஞாயிறும் கடலும் உள்ளவரை நிற்க. மீன்கொத்தி முத்திரை நம் கையால் இட்டோம். நம் வாய்மொழி பிசகாமல் எழுதினான் ஓலைநாயகன் பூதன் தாழை.

ஓலையோடு ஒரு மூட்டையும் வருகிறது. அதை நாம் அனுப்பவில்லை. நம் விருப்பமானால் நீர் வெறுங்காலோடுதான் போவீர். தீர்ப்பைக் கேட்டபின் மாறவேள் தன் காலணிகளைக் கழற்றி நம் முன்னே வைத்து, "அவருக்கும் குளிரும், தாயே. இதையும் கொடுத்தனுப்புங்கள்" என்றான். அவற்றின் முனையில் கம்பளி திணித்திருக்கும், விரல் இல்லாத இடத்தை நிரப்ப அவன் திணித்தது. எடுத்துவிட்டு அணிந்துகொள்ளும். அந்த இடம் உமக்கு வேண்டியிருக்கும்.